பேசாத பெண்ணும் கீழ்க் கடைவாய்ப் பல்லும்

இந்த ஆண்டு படிப்பை முடித்துவிட்டுச் சொந்தமாகப் பல் மருத்துவமனை திறக்கப் போகிற பிள்ளைகளே, உங்கள் கையில் இருக்கும் கருவிகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் பல்லின் வேர்வரை திரையில் தெரிகிறது. எழுபதுகளின் கடைசியில் நான் ஆரணியில் தொழில் தொடங்கியபோது எக்ஸ்ரேவுக்கு வேலூருக்குத்தான் அனுப்ப வேண்டும். அனுப்பினால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போதே வலி நின்றுவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். பல் பிழைத்ததால் நின்ற வலி அல்ல அது, உள்ளே இருந்த நரம்பு செத்ததால் நின்றது என்பது பிறகு ஒருநாள் கன்னம் பன் ரொட்டி மாதிரி வீங்கி வரும்போதுதான் அவர்களுக்குத் தெரியும்.

அதனால் நான் மனிதர்களின் முகத்தையே படமாகப் பார்க்கப் பழகிக்கொண்டேன். எதைச் சாப்பிடும்போது முகம் சுளிக்கிறார்கள், எந்தப் பக்கம் மெல்லுகிறார்கள், சிரிக்கும்போது எந்தக் கன்னம் பின்வாங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இந்த வேலைதான். என் கணவருக்கு இது பிடிக்காது. "சாப்பிட விடேன் அவங்கள" என்பார்.

உடம்பில் வேறெங்கே அழற்சி வந்தாலும் அந்த இடம் சிவந்து வீங்கும், பார்த்தாலே தெரியும். பல்லுக்குள் வந்தால் அப்படித் தெரியாது. நரம்பும் ரத்தமும் இருக்கிற மென்மையான திசு நடுவில், சுற்றிலும் கல் மாதிரிச் சுவர். வீங்க இடமில்லாமல் அது உள்ளேயே முட்டிக்கொள்கிறது. தொடக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று ஒரு வெட்டு, உடனே சரியாகிவிடும். அந்தப் பல்லை அவசரப்பட்டுத் திறந்துவிடாதீர்கள், சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்தாலே போதும். தண்ணீர் போன பிறகும் வலி எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால், அல்லது எதுவுமே படாமல் தானாகக் கிளம்பினால், உள்ளே விஷயம் முற்றிவிட்டது. அதற்கும் அடுத்து ஒரு கட்டம் உண்டு. சூடு பட்டால் உயிர் போகும், அதுவரை எதிரியாக இருந்த குளிர்ந்த தண்ணீரே மருந்தாகிவிடும். இதை நான் பாடத்தில் படித்திருந்தேன். அதன் முழு உருவத்தை முதன்முதலில் கண்ணால் பார்த்தது களம்பூரில், ஒரு பெண் பார்க்கும் வைபவத்தில்.

என் மருத்துவமனைக்கு அடுத்த வீடு சரோஜா அக்காவுடையது. வீட்டில் இரண்டு பட்டுத் தறிகள். அவருடைய ஒரே மகன் குமரேசன் தறியிலும் உட்காருவான், கரை டிசைனும் போடுவான். நல்ல பிள்ளை. அவனுக்குக் களம்பூரில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். அவர்களும் பழைய நெசவுக் குடும்பம்தான், ஆனால் பெண்ணின் அப்பா தறியை விட்டுவிட்டு அங்கே அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்தார். பெண் மல்லிகா ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள்.

"படிச்ச பொண்ணு. எங்க கூட்டத்துல அவகிட்ட பேசறதுக்கு ஆளு இல்ல. நீங்க வாங்க டாக்டரம்மா" என்று சரோஜா அக்கா என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் கிளம்பிவிட்டேன். கூட வந்தவர்களில் முக்கியமானவர் குமரேசனின் அத்தை. அவர் தலையசைக்காமல் அந்தக் குடும்பத்தில் எந்தச் சம்பந்தமும் முடிந்ததில்லை.

மல்லிகா காபித் தட்டோடு வந்தாள். பளிச்சென்ற முகம். கும்பிட்டாள், உட்கார்ந்தாள், சிரித்தாள். ஆனால் உதடு பிரியாத சிரிப்பு.

"உன் பேரு இன்னாம்மா?" என்றார் அத்தை.

பெண் தன் அப்பாவைப் பார்த்தாள். "மல்லிகாங்க" என்றார் அப்பா.

"எந்த கிளாஸுக்குப் பாடம் எடுக்கறே?"

"மூணாங் கிளாஸுங்க" என்றார் அப்பா.

"ஒரு பாட்டு பாடும்மா."

மல்லிகா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்து அதே மூடிய சிரிப்போடு உட்கார்ந்தாள். "கூச்சம்ங்க, புது ஆளுங்கள பாத்தா அப்படித்தான்" என்று அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவளுக்குப் புது ஆட்களைக் கண்டால் கூச்சமா என்று எல்லோர் முகத்திலும் கேள்வி எழுந்தது.

அத்தை சரோஜா அக்காவின் காதில் ரகசியம் சொன்னார். அது கூடத்துக்கே கேட்டது. "ஊமைப் பொண்ண நம்ம தலையில கட்டப் பாக்கறாங்க. எழுந்திரு, கெளம்பு."

நான் அப்போது மல்லிகாவின் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தபோது அவள் வலது கன்னம் இடதைவிட ஒரு பொடி உப்பியிருந்தது. பிறகு எதையோ விழுங்கினாள். கன்னம் சமமானது. கொஞ்ச நேரம் முகம் அமைதியாக இருந்தது. அப்புறம் வலது கண்ணோரம் மெல்லச் சுருங்கத் தொடங்கியது, கை காதோரப் பொட்டுப் பக்கம் போனது, முந்தானையைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. உடனே எழுந்து மறுபடியும் சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் மீண்டும் அமைதி, கன்னத்தில் மீண்டும் அந்த உப்பல். அவளுக்கென்று வைத்த காபியை யாரோ நீட்டினபோது, பாம்பைக் கண்டதுபோல் தலையைப் பின்னால் இழுத்தாள்.

கூச்சம் இப்படி முறை வைத்து ஏறி இறங்காது. பாடப் புத்தகத்தின் ஒரு பத்தி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நானும் சமையலறைக்குப் போனேன். மல்லிகா மண்பானை அருகே சொம்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். "பல்லா?" என்று கேட்டேன். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு வேகவேகமாகச் சொன்னாள்.

"ஆமாங்க. சூடு பட்டா உயிரு போவுது. சும்மா இருந்தாலும் விண்ணு விண்ணுங்குது. பச்சத்தண்ணி வாயில இருக்கற வரைக்கும்தான் நிம்மதி. வெளிய சொல்லாதன்னு அப்பா சொல்லிட்டாரு. சீக்காளிப் பொண்ணுன்னு நெனச்சிப்பாங்களாம்."

அவ்வளவு சொல்வதற்குள் வலி ஏறிவிட்டது. மறுபடியும் ஒரு வாய் தண்ணீர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டாரோடு போனவள். ஆனால் பல்லைப் பற்றிக் கேட்டு அவள் பதில் சொன்ன அந்த நொடியிலேயே அவள் என் நோயாளியாகிவிட்டாள். அவள் சம்மதம் இல்லாமல் கூடத்துக்குப் போய் நான் வாய் திறக்கக் கூடாது. வெளியே நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. "இத நான் அவங்ககிட்ட சொல்லலாமா? நீ வேணாம்னா சொல்லமாட்டேன்" என்றேன்.

தண்ணீரை விழுங்கினாள். "சொல்லிடுங்க. ஊமைன்னு நெனைக்கறதுக்கு சொத்தப் பல்லுன்னே நெனைச்சிக்கட்டும்."

சொன்னேன். அத்தை நம்பவில்லை. "பல்லு வலின்னா ஐயோ அம்மான்னு கத்துவாங்க, யாராவது வாய மூடிகினு உக்காருவாங்களா? எங்க காதுல பூ சுத்தறீங்களா டாக்டரம்மா?" என்றார். பிறகு தீர்ப்பு வந்தது. "சரி, நீங்க சொல்றதால பாக்கறேன். இன்னிக்கி பொழுது சாயறதுக்குள்ள பொண்ணு வாயத் தொறந்து பேசணும். இல்லாட்டி நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

மல்லிகாவையும் அவள் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு அதே வேன் ஆரணிக்குத் திரும்பியது. பெண்ணின் மடியில் ஒரு குடம் தண்ணீர். எங்கள் தெருவில் இறங்கியபோது தறிக்குப் பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "இன்னா சரோஜா, பொண்ணு பாக்கப் போயி கையோட கூட்டினே வந்துட்டீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரம்மா கேட்க, தெருவே சிரித்தது. மல்லிகாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் தண்ணீர் இருந்ததால் புரையேறிப்போய் என் புடவையெல்லாம் நனைந்தது.

நாற்காலியில் உட்காரவைத்து எந்தப் பல் என்று கேட்டேன். வலது பக்கம் மேல் கடைவாயைக் காட்டினாள். விளக்கைத் திருப்பினால் அங்கே ஒரு பல்லில் கறுப்பாகப் பெரிய குழி. அவள் அப்பாவும் எட்டிப் பார்த்தார், அத்தையும் எட்டிப் பார்த்தார். காலையிலிருந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"அதோ தெரியுதே! ஜல்தியா புடுங்கிப் போட்டுடுங்க டாக்டரம்மா" என்றார் அப்பா.

"ஆமா, அத புடுங்கினா பேசிடுவா" என்றார் அத்தை.

உங்களில் பலருக்கும் இந்த நேரத்தில் கை குறடைத் தேடிப் போகும். நோயாளி காட்டுகிற இடம், கண்ணுக்குத் தெரிகிற குழி, சுற்றி நிற்பவர்களின் அவசரம், எல்லாம் ஒரே பல்லைக் கைகாட்டும்போது கேள்வி கேட்பது கஷ்டம். ஆனால் எனக்கு அந்தக் குழி பிடிக்கவில்லை. கூர்முனைக் கம்பியால் தொட்டேன், அடிப்பக்கம் கெட்டியாக இருந்தது. அது பழைய குழி, எப்போதோ கறுத்து அப்படியே நின்றுபோனது. தட்டிப் பார்த்தேன், வித்தியாசமாக ஒன்றுமில்லை. அதே பக்கம் கீழே, கடைவாய்ப் பல் ஒன்று வெள்ளி அடைப்போடு சமத்தாக உட்கார்ந்திருந்தது. அதையும் தட்டினேன். அதுவும் வலிக்கவில்லை.

பல்லுக்குள் முட்டுகிற வலிக்குத் தன் வீடு எதுவென்று தெரியாது. கீழ்ப்பல் கெட்டால் மேல்தாடையில், பொட்டில், காதில் எல்லாம் வலிக்கும். நோயாளி பொய் சொல்வதில்லை, அவருக்கு அங்கேதான் வலிக்கிறது. முகத்தின் நடுக்கோட்டைத் தாண்டி அடுத்த பக்கம் மட்டும் போகாது. எனக்கு அவ்வளவுதான் நிச்சயம். மேலா கீழா என்பதை இனி நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மல்லிகாவிடம் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பச் சொன்னேன். வலியை ஏறவிட்டேன். பாவமாகத்தான் இருந்தது, வேறு வழியில்லை. நன்றாக ஏறிய பிறகு கீழ்த்தாடைக்கு மட்டும் மரத்துப்போகிற ஊசி போட்டேன்.

"வலி மேலதானே? ஊசிய கீழ போடறீங்களே!" என்று அத்தை பதறினார். "போச்சு, சம்பந்தமும் போச்சு, பல்லும் போச்சு."

என் தவிப்பை நான் வெளியே காட்டவில்லை. கீழே மரத்த பிறகும் மேலே வலித்தால் நான் நினைத்தது தப்பு. கீழே மரக்க மரக்க மேலே வலி போனால் குற்றவாளி கீழேதான். எல்லோரும் மல்லிகாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் உதடு மரத்தது, தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு சுருங்கியிருந்த கண்ணோரம் தளர்ந்தது. பக்கத்தில் வைத்திருந்த சொம்பை அவள் பார்க்கவே இல்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். தூக்கமே வந்துவிடும் போலிருந்தது அவளுக்கு.

"மேல வலி?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது எனக்கு.

கீழ்ப்பல்லின் வெள்ளி அடைப்பை எடுக்க மெஷினைப் போட்டேன். பாதி அடைப்புதான் வந்திருக்கும், கரண்ட் போய்விட்டது. அந்த நாட்களில் ஆரணியில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று மின்சாரத் துறைக்கே தெரியாது. ஊசியின் மரப்பு அதற்காகக் காத்திருக்காது. பொழுதும் காத்திருக்காது.

மூலையில் என் பழைய கால்மெஷின் நின்றிருந்தது. தையல் மெஷின் மாதிரி, மிதித்தால் சக்கரம் சுழலும், சக்கரத்தோடு கயிறு, கயிற்றின் நுனியில் பல்லைத் துளைக்கும் ஊசி. முன் பற்களுக்கு நானே மிதித்துக்கொள்வேன். இது கடைசியில் இருக்கும் பல், உள்ளே நரம்பு வரை போக வேண்டும். என் இரண்டு காலும் தரையில் உறுதியாக இருந்தால்தான் கை அசையாது. ஞாயிறு என்பதால் உதவியாளரும் இல்லை. யார் மிதிப்பது என்று சுற்றிப் பார்த்தேன்.

கதவருகே நின்றிருந்த குமரேசன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிதியில் காலை வைத்தான்.

"அடப்பாவி! மாப்பிள்ள போய் மிதிக்கறதா? ஊரு சிரிக்காதா?" என்றார் அத்தை.

"தறியில மிதிக்கற காலுதானே, மிதிக்கட்டும்" என்றார் சரோஜா அக்கா. "நீங்க பாருங்க டாக்டரம்மா, அவன் மிதிச்சா இழை அறுந்துபோவாது."

அப்படித்தான் இருந்தது. மின்சார மெஷின்கூட எனக்கு அவ்வளவு சீராகச் சுற்றியதில்லை. நான் கையை லேசாகத் தூக்கினால் கால் நிற்கும். அழுத்தினால் வேகம் கூடும். ஒரு தடவைகூட நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடைப்பு வந்தது. அடியில் மெத்து மெத்தென்று சொத்தை, வெளியே ஒரு சுவடும் காட்டாமல் உள்ளே அரித்துக்கொண்டு போயிருந்தது. அதற்கும் கீழே நரம்பறையின் கூரை உடைந்ததும் கருஞ்சிவப்பாக ஒரு துளி ரத்தம் மேலே வந்தது. அடைபட்டுக் கிடந்த அத்தனை வேதனையும் அந்த ஒரு துளிதான். மல்லிகாவுக்கு எதுவும் தெரியவில்லை. ஓரக்கண்ணால் மிதியில் ஏறி இறங்கும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்ததை எடுத்துச் சுத்தம் செய்து, மருந்துப் பஞ்சு வைத்துத் தற்காலிகமாக மூடினேன். வேலை முடிந்தது என்று நான் சொல்லவில்லை. மரப்பு இருக்கும்வரை எந்த மருத்துவரும் வெற்றி பெற்றவர்போலத்தான் இருப்பார். மரப்பு விட்ட பிறகும் வலி வராமல் இருக்க வேண்டும். அதனால் எல்லோரும் என் சின்ன வரவேற்பறையில் உட்கார்ந்து காத்திருந்தோம். சரோஜா அக்கா வீட்டிலிருந்து வெங்காய பஜ்ஜி வந்தது. அத்தை தின்றுகொண்டே மல்லிகாவின் வாயைக் கண்காணித்தார். மல்லிகா கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். களம்பூரிலிருந்து வந்த குடம் அப்படியே இருந்தது, யாரும் அதிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட எடுக்கவில்லை. வெயில் தெருவின் பாதியைத் தாண்டிப் போனது. கரண்ட் வந்து விளக்கு எரிந்தது.

மல்லிகா உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். நாக்கால் உள்ளே துழாவினாள். பல்லோடு பல் வைத்து ஒரு தடவை கடித்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, வகுப்பறையின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் பேசினாள்.

"டாக்டரம்மா, எனக்கு ஒரு சந்தேகம். காலையில இருந்து எல்லாரும் என்னைத்தான் ஊமையா ஊமையான்னு கேக்கறாங்க. இவரையும் நான் காலையில இருந்து பாத்துகினேதான் இருக்கேன். ஒரு வார்த்த பேசினாரா? இவருக்கும் பல்லு வலியான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

எல்லோரும் குமரேசனைப் பார்த்தோம். உண்மைதான். களம்பூரில் பேசவில்லை, வேனில் பேசவில்லை, மிதியில் உட்கார்ந்தபோதும் பேசவில்லை. அவனை யாரும் ஊமை என்று சந்தேகப்படவே இல்லை!

குமரேசன் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வலியெல்லாம் இல்லீங்க" என்றான். "பயம்."

முதலில் சிரித்தது அத்தைதான். சிரித்துச் சிரித்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க வூட்டுல பேசறதுக்கு ஒருத்திதான் வேணும், மிதிக்கறதுக்கு ஒருத்தன் இருக்கான். தட்ட மாத்திக்கலாம்" என்றார். பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல வந்தார். அவருக்குத்தான் அன்று பேச்சு வரவில்லை.

அந்தப் பல்லின் வேர்களை அடுத்தடுத்த வாரங்களில் முழுதாகச் சுத்தம் செய்து அடைத்தேன். எல்லோரும் பிடுங்கச் சொன்ன மேல்பல்லுக்குச் சின்னதாக ஓர் அடைப்பு, அவ்வளவுதான் தேவைப்பட்டது. நினைத்துப் பாருங்கள், அன்று அதைப் பிடுங்கியிருந்தால் மல்லிகா ஒரு நல்ல பல்லை இழந்து, வலியையும் வைத்துக்கொண்டு, தண்ணீரை வாயில் நிறைத்தபடி களம்பூருக்குத் திரும்பியிருப்பாள். அவசரப்படுத்துகிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, நோயாளியின் மேல் இருக்கிற பாசம்தான் அவர்களை அவசரப்படுத்துகிறது. அவர்கள் பேசட்டும். நீங்கள் அதற்குள் இன்னொரு முறை சோதித்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற குழி எல்லாம் குற்றவாளி இல்லை. அடைத்த பல் எல்லாம் உத்தமர்களும் இல்லை. குளிர்ந்த தண்ணீரைத் தேடி வருகிற வலியைக் கண்டால் நாளைக்கு வா என்று அனுப்பிவிடாதீர்கள், அந்த ஆள் ஏற்கெனவே போதுமான அளவு பொறுத்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறார்.

கல்யாணம் களம்பூரில் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் பந்தியில் உட்கார்ந்தபோது நானும் எதிர் வரிசையில் இருந்தேன். பாயசம் அடுப்பிலிருந்து இறக்கின கையோடு ஆவி பறக்க வந்தது. ஆரணிக்காரர்கள் எல்லோருக்கும் கதை தெரியும். பரிமாறுகிறவர் மல்லிகாவின் தம்ளரில் ஊற்றியதும் பந்தியே கை நின்றுபோய் அவளைப் பார்த்தது. என் கணவரும் இந்த முறை என்னைத் தடுக்கவில்லை, அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லிகா தம்ளரை எடுத்தாள். வலது பக்கமாகச் சரித்து, ஊதாமல், ஒரே மூச்சில் குடித்தாள்.

காலித் தம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சூடா இருந்தா ஊத்துங்க" என்றாள்.